கரன்சி டிரேடிங்: முதல் ஆர்டருக்கு முன் போட வேண்டிய கணக்கு

கரன்சி டிரேடிங் பழக வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "யூரோ ஏறுமா, இறங்குமா?" என்றுதான். பெரிய வங்கிகளில் இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களின் கணிப்பே அடிக்கடி பொய்த்துப் போகிறது. இதில் பல வருடம் தாக்குப்பிடித்தவர்களிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் முதலில் பார்ப்பது வேறு: "என் கணிப்பு தப்பானால் எவ்வளவு போகும்?" அந்தத் தொகையை முன்கூட்டியே முடிவு செய்யத் தெரிந்தவருக்கு மற்றதைக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தெரியாதவருக்குப் பாடம் தொடங்குமுன்பே பணம் தீர்ந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் சார்ட்டுக்கு இடம் குறைவு, கணக்குக்கு இடம் அதிகம்.

எந்தச் சந்தைக்குள் நுழைகிறீர்கள்

பங்குச் சந்தைக்கு ஒரு கட்டடம், ஒரு எக்ஸ்சேஞ்ச் உண்டு. அந்நியச் செலாவணிக்கு அப்படி ஒரே இடம் கிடையாது. வங்கிகள், நிதிகள், நிறுவனங்கள் எல்லாம் தங்களுக்குள் நேரடியாக வாங்கி விற்கிற வலைப்பின்னல் அது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இதை அளக்கிற பிஐஎஸ் என்ற பன்னாட்டுத் தீர்வு வங்கியின் கணக்குப்படி, 2022 ஏப்ரலில் ஒரு நாள் சராசரி வர்த்தகம் 7.5 லட்சம் கோடி டாலர். அதில் சுமார் 88 சதவீத வர்த்தகத்தில் ஒரு பக்கம் அமெரிக்க டாலர். திங்கள் காலை நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் தொடங்கி, டோக்கியோ, லண்டன் வழியாக நகர்ந்து, வெள்ளி மாலை நியூயார்க்கில் சந்தை மூடும். லண்டனும் நியூயார்க்கும் ஒன்றாகத் திறந்திருக்கும் சில மணி நேரம்தான் மிகவும் பரபரப்பானது.

இவ்வளவு பெரிய சந்தையில் நேரடியாக நிற்கப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். சில்லறை டிரேடர் பெரும்பாலும் நிற்பது தன் புரோக்கரின் முன்னால் மட்டும்தான். நீங்கள் "யூரோ வாங்கினேன்" என்றாலும் உங்கள் கையில் யூரோ எதுவும் வராது. விலை வித்தியாசத்தின் மீதான ஒப்பந்தம்தான் வரும். பல புரோக்கர்கள் அந்த ஒப்பந்தத்தின் எதிர்ப்பக்கத்தில் தாங்களே நிற்பார்கள். நீங்கள் இழந்தால் அவர்களுக்கு லாபம். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் அவர்கள் அனுப்பும் "இன்றைய வாய்ப்பு" மெயில்களைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

விலையைப் படிக்கப் பழகுங்கள்

கரன்சி எப்போதும் ஜோடியாகத்தான் வரும். யூரோ/டாலர் 1.1000 என்றால், ஒரு யூரோ வாங்க 1.10 டாலர் தர வேண்டும். முதலில் இருப்பதுதான் வாங்கும் அல்லது விற்கும் பொருள், இரண்டாவது அதன் விலை. டாலர்/யென் 150 என்றால் ஒரு டாலருக்கு 150 யென். இந்த எண் குறைந்தால் யென் வலுவாகிறது என்று அர்த்தம். புதியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். "யென் ஏறுகிறது" என்று செய்தியில் கேட்டுவிட்டு டாலர்/யென் ஜோடியை வாங்கிவிட்டால், நினைத்ததற்கு நேர் எதிராக நிற்பீர்கள்.

விலை நகர்வை அளக்கும் அலகு பிப். பெரும்பாலான ஜோடிகளில் அது நான்காவது தசம இடம்: 1.1000 என்பது 1.1001 ஆனால் ஒரு பிப். யென் உள்ள ஜோடிகளில் இரண்டாவது இடம்: 150.00 என்பது 150.01 ஆனால் ஒரு பிப். இப்போது பெரும்பாலான பிளாட்பார்ம்களில் இதற்கு மேல் இன்னொரு இலக்கமும் சேர்த்து 1.10003 என்று காட்டுவார்கள். அந்தக் கடைசி இலக்கம் பிப்பில் பத்தில் ஒரு பங்கு, பாயிண்ட் என்பார்கள். மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் 500 பாயிண்ட் என்று இருந்தால் அது 50 பிப். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு பத்து மடங்கு தப்பும்.

திரையில் இரண்டு விலை தெரியும். நீங்கள் வாங்குவது கூடுதல் விலையில், விற்பது குறைவான விலையில். இடைவெளிதான் ஸ்ப்ரெட், புரோக்கரின் கூலி. எனவே எந்த டிரேடும் திறந்த நொடியில் மைனஸில்தான் இருக்கும்; பதற வேண்டியதில்லை. மெட்டாடிரேடர் சார்ட் வழக்கமாக விற்கும் விலையை மட்டுமே வரைகிறது. விலை இறங்கும் என்று நினைத்து நீங்கள் விற்றுத் தொடங்கிய டிரேடை மூடுவதோ வாங்கும் விலையில். அதனால் சார்ட்டில் தொடாத இடத்தில் உங்கள் ஸ்டாப் லாஸ் (நஷ்டம் இதற்கு மேல் போகாமல் டிரேடை மூட முன்கூட்டியே குறித்துவைக்கும் விலை) அடிபட்டிருப்பது போலத் தெரியும். புரோக்கர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகுமுன் வாங்கும் விலைக்கோட்டையும் சார்ட்டில் காட்டும்படி செட்டிங்கில் மாற்றிப் பாருங்கள்.

பழகும் காலம் முழுக்க ஒரே ஒரு ஜோடி போதும். என் பரிந்துரை யூரோ/டாலர். உலகிலேயே அதிகம் கைமாறும் ஜோடி என்பதால் ஸ்ப்ரெட் குறைவு, காரணமில்லாத திடீர்க் குதிப்புகளும் ஒப்பீட்டளவில் குறைவு. அதிகம் புழங்காத கரன்சிகளில் ஸ்ப்ரெட்டே பல பத்து பிப் இருக்கும். அங்கே ஜெயித்தாலும் மிச்சம் இருக்காது.

லாட், லெவரேஜ்: அகலக்கால் வைக்கிற இடம்

ஒரு ஸ்டாண்டர்ட் லாட் என்பது அடிப்படைக் கரன்சியில், அதாவது ஜோடியில் முதலில் இருக்கும் கரன்சியில், ஒரு லட்சம் அலகு. மினி லாட் 10,000. மைக்ரோ லாட் 1,000. ஆர்டர் பெட்டியில் இவை 1.00, 0.10, 0.01 என்று வரும். யூரோ/டாலரில் ஒரு பிப் நகர்ந்தால் ஸ்டாண்டர்ட் லாட்டில் 10 டாலர், மினியில் 1 டாலர், மைக்ரோவில் 10 சென்ட். இந்த மூன்று எண்களையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

500 டாலர் வைத்திருப்பவர் 1,10,000 டாலர் மதிப்புள்ள ஸ்டாண்டர்ட் லாட்டை எப்படி வாங்க முடியும்? லெவரேஜ் மூலம்தான். 1:30 லெவரேஜ் என்றால், மொத்த மதிப்பில் முப்பதில் ஒரு பங்கை மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாகக் காட்டினால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018-ல் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு முக்கிய ஜோடிகளில் இந்த 1:30 என்ற உச்சவரம்பை விதித்தது. அமெரிக்காவில் வரம்பு 1:50. இவற்றுக்கு வெளியே, கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் பதிவு செய்துகொண்ட புரோக்கர்கள் 1:500 என்றும் அதற்கு மேலும் விளம்பரம் செய்வதைப் பார்க்கலாம்.

1:500 கணக்கில் 0.50 லாட் வாங்க 110 டாலர் மார்ஜின் போதும். 500 டாலரில் 110-தானே என்று தோன்றும். ஆனால் அந்த 0.50 லாட்டில் ஒரு பிப் 5 டாலர். விலை 100 பிப் எதிராகப் போனால் மொத்த 500 டாலரும் போய்விடும். உண்மையில் அதற்குச் சற்று முன்பே, மார்ஜின் தீர்ந்துவிட்டது என்று புரோக்கரின் மென்பொருள் தானாகவே டிரேடை மூடிவிடும். யூரோ/டாலர் 100 பிப் நகர்வதற்குப் பெரிய நெருக்கடி எதுவும் தேவையில்லை. ஒரு சுறுசுறுப்பான நாளே போதும்.

எஸ்மா அந்த வரம்பை விதித்தபோது, பல ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை பணத்தை இழக்கின்றன என்று சொன்னது. அதன் பிறகு அங்கே ஒவ்வொரு புரோக்கரும் தன் வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதம் பேர் இழக்கிறார்கள் என்பதை விளம்பரத்திலேயே போட வேண்டும் என்றாகிவிட்டது. புரோக்கர் இணையதளத்தின் அடியிலோ மேலேயோ சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். அந்தத் தளத்திலேயே அதைவிட நேர்மையான வரி வேறு இருக்காது.

புரோக்கரும் சட்டமும்

முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள். நாட்டுக்கு நாடு இது பெரிதாக மாறும். உதாரணமாக, இந்தியாவில் வசிப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகளில், அனுமதிக்கப்பட்ட ஜோடிகளில் மட்டுமே ஈடுபடலாம். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. பிரிட்டனில் எஃப்சிஏ, ஆஸ்திரேலியாவில் ஏஎஸ்ஐசி, அமெரிக்காவில் சிஎஃப்டிசி, என்எஃப்ஏ ஆகிய ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் புரோக்கர்கள் பதிவு செய்திருக்க வேண்டும்.

உரிம எண் தளத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஒழுங்குமுறை அமைப்பின் தளத்துக்கு நீங்களே போய், பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டு, அங்கே காட்டும் நிறுவனப் பெயரும் இணைய முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் உரிமத்தைக் காப்பியடித்து நடத்தும் போலித் தளங்கள் ஏராளம். அடுத்து, கணக்குத் தொடங்கும் ஒப்பந்தத்தில் எந்தக் கிளை நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் லண்டன் உரிமத்தைக் காட்டிவிட்டு, உங்கள் கணக்கை ஏதோ ஒரு தீவில் பதிவான கிளையில் திறப்பார்கள். அப்படித் திறந்தால் லண்டன் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

டெலிகிராமில் "மாதம் இத்தனை சதவீதம் உறுதி" என்பவர்கள், உங்கள் கணக்கைத் தாங்களே நடத்தித் தருகிறேன் என்பவர்கள், எப்போது வாங்கலாம், விற்கலாம் என்று சிக்னல் விற்பவர்கள்: இவர்களைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

டெமோவில் முதல் ஆர்டர்

டெமோ கணக்கு இலவசம். ஆனால் ஒரு லட்சம் டாலர் போலிப் பணத்தோடு திறந்து தருவார்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு பழகினால் கையில் தப்பான பழக்கம்தான் ஒட்டும். நாளைக்கு உண்மையில் 500 டாலர்தான் போடப் போகிறீர்கள் என்றால், டெமோவையும் 500 டாலருக்கே திறங்கள்.

புது ஆர்டர் பட்டனை அழுத்தியதும் சின்னப் பெட்டி ஒன்று வரும்: ஜோடியின் பெயர், வால்யூம் (லாட் அளவு), ஸ்டாப் லாஸ், டேக் ப்ராஃபிட் (லாபத்தோடு டிரேடை மூட வேண்டிய விலை), கீழே விற்க ஒரு பட்டன், வாங்க ஒரு பட்டன். வால்யூம் இடத்தில் பெரும்பாலும் முன்கூட்டியே 1.00 என்று நிரப்பியிருக்கும். கவனிக்காமல் வாங்கு என்று அழுத்தினால் ஒரு ஸ்டாண்டர்ட் லாட். 500 டாலர் கணக்கில் பிப்புக்கு 10 டாலர். 50 பிப்பில் கதை முடிந்தது. செட்டிங்கில் போய் அந்த இயல்பு அளவை 0.01 என்று மாற்றிவிடுவதுதான் உங்கள் முதல் வேலை.

அடுத்து கணக்கு. ஒரு டிரேடில் இழக்கத் தயாராக இருக்கும் தொகை, கணக்கிலுள்ள பணத்தில் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டாலரில் அது 5 டாலர். யூரோ/டாலரை 1.1000-ல் வாங்க நினைக்கிறீர்கள். சார்ட்டைப் பார்த்தால், விலை அண்மையில் 1.0955 வரை இறங்கி அங்கிருந்து திரும்பியிருக்கிறது. அதற்குக் கீழே போனால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்ளலாம். எனவே ஸ்டாப் லாஸ் 1.0950. தூரம் 50 பிப். மைக்ரோ லாட்டில் பிப்புக்கு 10 சென்ட் என்பதால் 50 பிப் என்பது 5 டாலர். ஆக, 0.01 லாட் வாங்கலாம். இலக்கு 1.1100, அடித்தால் 10 டாலர்.

வரிசையைக் கவனியுங்கள். ஸ்டாப் லாஸ் எங்கே என்பதைச் சார்ட் முடிவு செய்தது, எவ்வளவு இழக்கலாம் என்பதை நீங்கள் முடிவு செய்தீர்கள், லாட் அளவு அந்த இரண்டிலிருந்தும் தானாக வந்தது. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வார்கள்: லாட்டை ஆசைக்குப் போட்டுவிட்டு, நஷ்டம் தாங்கும் தூரத்தில் ஸ்டாப் லாஸை வைப்பார்கள். அது சந்தையின் சாதாரண அசைவிலேயே அடிபடும். ஸ்டாப் தூரம் 25 பிப் என்றால் 0.02 லாட் போடலாம். 80 பிப் வேண்டியிருந்தால்? 0.01 லாட்டிலேயே 8 டாலர் போகும், உங்கள் வரம்பு 5. அப்படியானால் அந்த டிரேட் உங்கள் கணக்குக்கு ஆகாது, விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு சதவீதம் என்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். தொடர்ந்து பத்து டிரேட் தோற்பது அபூர்வமல்ல. ஒரு சதவீதம் வைத்தவரிடம் பத்துத் தோல்விக்குப் பிறகும் போட்ட பணத்தில் 90 சதவீதம் இருக்கும். பத்து சதவீதம் வைத்தவரிடம் 35 சதவீதம்தான் இருக்கும். அவர் பழைய இடத்துக்கு வர, மீதியைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்க வேண்டும். அந்த அவசரத்தில்தான் விட்டதைப் பிடிக்கிறேன் என்று லாட்டைப் பெரிதாக்குவார்கள். முதலுக்கே மோசம் வருவது அங்கேதான்.

மேலே சொன்னது போல ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வைத்தால், நூறு டிரேடில் 40 ஜெயித்தாலே 80 அலகு வரவு, 60 அலகு செலவு. ஸ்ப்ரெட் கழிக்குமுன் 20 அலகு மிச்சம். பாதிக்கு மேல் தோற்றும் லாபத்தில் நிற்க முடியும் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

சார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு மணி நேர அல்லது தினசரி கேண்டில் (அந்த நேரத்தின் விலை நகர்வைக் காட்டும் மெழுகுவர்த்தி வடிவக் குறி), முன்பு விலை திரும்பிய இடங்களில் இரண்டு மூன்று கோடு, வேண்டுமானால் ஒரு மூவிங் ஆவரேஜ், அதாவது சராசரி விலைக்கோடு. தொடக்கத்துக்கு இவ்வளவே போதும். ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி என்று இண்டிகேட்டர்களை (விலையிலிருந்து கணக்கிட்டுச் சார்ட்டில் காட்டும் குறிகாட்டிகள்) அடுக்கிக்கொண்டே போகிறவர்கள் கவனிக்காத ஒன்று, அவை எல்லாம் ஒரே விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. ஐந்து இண்டிகேட்டர் ஒரே பதிலைச் சொன்னால் அதை ஐந்து சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து நிமிட சார்ட் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அங்கே ஸ்ப்ரெட்டே லாபத்தைத் தின்றுவிடும்.

ஸ்டாப் லாஸ் காப்பாற்றாத நாட்கள்

கரன்சியை நகர்த்துவதில் முக்கியமானது வட்டி விகிதம், அதைவிட முக்கியமானது வட்டி விகிதம் பற்றிய எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெட் வருடத்துக்கு எட்டு முறை திட்டமிட்டுக் கூடுகிறது. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளி, நியூயார்க் நேரம் காலை 8.30-க்கு வரும். இலவசப் பொருளாதார காலண்டரில் இவை எல்லாம் உங்கள் ஊர் நேரத்திலேயே கிடைக்கும். அந்த நிமிடங்களில் ஸ்ப்ரெட் பல மடங்கு விரியும், விலை இரண்டு பக்கமும் துள்ளும். புதியவர் அப்போது கையில் டிரேட் இல்லாமல் வேடிக்கை பார்ப்பதே நல்லது.

காலண்டரில் இல்லாததும் வரும். சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பரில், ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்தது. மூன்று வருடத்துக்கும் மேல் அந்தச் சுவர் நின்றது. அதை நம்பி, 1.20-க்குச் சற்று மேலே யூரோ வாங்கி, கீழே ஸ்டாப் லாஸ் போட்டுவைத்தவர்கள் ஏராளம். 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் வங்கி அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. ஸ்டாப் லாஸ் என்பது "இந்த விலை வந்தால், கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு" என்ற உத்தரவு மட்டுமே. இடையில் வாங்க ஆளே இல்லாததால், வெகு கீழே போய்த்தான் பலருக்கு விற்றது. கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் புரோக்கருக்கே கடன்பட்டவர்கள் உண்டு. அல்பாரி என்ற புரோக்கரின் பிரிட்டன் நிறுவனம் திவாலானது. எஃப்எக்ஸ்சிஎம் என்ற இன்னொரு புரோக்கர் 30 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கித் தப்பித்தது.

யென்னும் அப்படி ஓடியதுண்டு. 2024 ஜூலை தொடக்கத்தில் 161-ஐத் தாண்டியிருந்த டாலர்/யென், அந்த மாதக் கடைசியில் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை உயர்த்திய பிறகு, ஆகஸ்ட் 5 அன்று 142-க்குக் கீழே வந்துவிட்டது. குறைந்த வட்டிக்கு யென்னைக் கடன் வாங்கி வேறு இடத்தில் போட்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் வெளியேறப் பார்த்ததுதான் அந்த வேகத்துக்கு ஒரு காரணம்.

இதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். கணக்கு மைனஸுக்குப் போகாது என்ற பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் சில்லறை வாடிக்கையாளருக்கு அது கட்டாயம். வெள்ளிக்கிழமை சந்தை மூடும்முன் டிரேடுகளை மூடிவிடுங்கள். வார இறுதியில் ஏதாவது நடந்தால் சந்தை திறக்கும்போது விலை உங்கள் ஸ்டாப் லாஸைத் தாண்டிக் குதித்தே தொடங்கும்.

இரவு தாண்டி வைத்திருக்கும் டிரேடுகளுக்கு ஸ்வாப் என்று வட்டி வித்தியாசம் பிடிப்பார்கள், சில சமயம் தருவார்கள். நியூயார்க் மாலை 5 மணிதான் கணக்கு மாறும் நேரம். புதன் இரவு மட்டும் வழக்கமாக மூன்று நாளுக்குச் சேர்த்துப் பிடிப்பார்கள், வார இறுதிக்கும் சேர்த்து. எங்கிருந்து கழித்தார்கள் என்று தேடாதீர்கள்.

உண்மைப் பணத்துக்குப் போகும்போது

டெமோவில் ஒவ்வொரு டிரேடுக்கும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: ஏன் நுழைந்தேன், ஸ்டாப் எங்கே, எத்தனை பிப், எத்தனை டாலர், விதியை மீறினேனா. கடைசிக் கேள்விதான் முக்கியம். விதிப்படி தோற்ற டிரேடில் கவலைப்பட ஒன்றுமில்லை. விதியை மீறி ஜெயித்தது ஆபத்தானது, அடுத்த முறையும் மீறச் சொல்லும். ஐம்பது டிரேடாவது விதி மீறாமல் போட்ட பிறகு உண்மைக் கணக்கைப் பற்றி யோசிக்கலாம். லாபம் வந்ததா என்பது அதற்கு அடுத்துதான்.

போடும் பணம், முழுக்கப் போனாலும் குடும்பச் செலவில் கை வைக்காத பணமாக இருக்க வேண்டும். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டிலோ வேண்டவே வேண்டாம். புரோக்கர் தரும் டெபாசிட் போனஸையும் மறுத்துவிடுங்கள். இத்தனை லாட் டிரேட் செய்தால்தான் பணத்தை எடுக்கலாம் என்ற நிபந்தனை அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

முதலில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் போடுங்கள். இரண்டு மூன்று சின்ன டிரேட் முடிந்ததும், அதில் ஒரு பகுதியை உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பணம் சொன்ன நாளில் வந்து சேர்ந்தால் மீதியைப் போடலாம். "எடுப்பதற்கு முன் வரி கட்டுங்கள்", "சரிபார்ப்புக் கட்டணம் அனுப்புங்கள்" என்று பதில் வந்தால், அது மோசடி. எவ்வளவு போட்டிருந்தாலும் மேற்கொண்டு ஒரு காசுகூட அனுப்பாமல், உரையாடல்களையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே உங்கள் வங்கியிலும் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள்.